கைதவறுபவரை, கால் தடக்குபவரை எழுத்தில் காட்டுவது எப்படி? சொல் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

சிறுகதையோ பள்ளி நாடகமோ எழுத உட்காரும் இளையவர்கள் பலருக்கு, எடுத்ததையெல்லாம் கீழே போடுகிற, நடந்த இடமெல்லாம் முட்டிக்கொள்கிற ஓர் ஆள் எப்படியோ வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே 'அவன் ஒரு மொக்கன்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல் பேனையைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மொக்கன் என்பது மூளையைப் பற்றிய வசவு. கை கால் சொன்னபடி கேட்காத ஒருவனைப் பற்றி அது எதையும் சொல்லாது. தமிழில் இப்படியான ஆளுக்குப் பொருந்தும் பெயர்ச்சொல் குறைவு. வினைச்சொல்லோ கொட்டிக் கிடக்கிறது. அதனால் வினையில் தொடங்கிப் பெயரில் முடிக்க வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் சிக்கல்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பேச்சை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். வேறு ஊர்க்காரர் தங்கள் சொல்லை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்குமுன் வேண்டியவை

முதலில் ஒரு வேலை வேண்டும். தேத்தண்ணி கொண்டுவருதல், தயிர்ச்சட்டி இறக்குதல், வயல் வரம்பில் சைக்கிள் உருட்டுதல், வாவியில் தோணி ஏறுதல், எதுவானாலும் சரி. சும்மா நிற்கிறவனிடம் தடுமாற்றம் தெரியாது. வேலையில் கைவைத்தால்தான் தெரியும்.

அடுத்து, அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். தாய் பார்ப்பதும் மச்சான் பார்ப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, ஒரு கொப்பி. வீட்டில், சந்தையில், பஸ்ஸில் காதில் விழும் வினைச்சொற்களை அதில் குறித்து வையுங்கள். ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டலாம். இலங்கை வழக்கை அது தனியாகக் குறித்துக் காட்டும். ஆனால் அகராதியில் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால் யாரும் பேசாத சொல்லோடு வருவீர்கள்.

1. எந்த உறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாத் தடுமாற்றமும் ஒன்றல்ல. சிலருக்குக் கை, சிலருக்குக் கால். வேறு சிலருக்குத் தன் உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கே இருக்காது. உறுப்பு தெரிந்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே கழிந்துவிடும்.

கைக்கு: நழுவுதல், கைதவறுதல், சிந்துதல், கொட்டுதல், தட்டிவிடுதல். நழுவினால் பொருள் வழுவழுப்பு, பிடி சரியில்லை. கைதவறினால் பிடியே விழவில்லை. தட்டிவிடுவது முழங்கையின் வேலை. எடுக்கப் போனது ஒன்று, விழுந்தது வேறொன்று. சிந்துவது விளிம்பால் கொஞ்சம் போவது. கொட்டினால் பாத்திரத்தில் மிச்சம் பெரிதாக இருக்காது. 'தேத்தண்ணியைக் கொட்டிவிட்டான், மீதியைக் குடித்தான்' என்று எழுதினால் வாசகர் ஒரு நொடி நின்று யோசிப்பார்.

காலுக்கு: இடறுதல், தடக்குதல், வழுக்குதல், சறுக்குதல், கால் பின்னுதல். இடறுவது விரல் கல்லில் அடிபடுவது. தடக்குவது கயிறு, பாய் விளிம்பு, வாசற்படி என்று எதிலாவது கால் மாட்டுவது. வழுக்க ஈரம் வேண்டும். சறுக்கப் பெரும்பாலும் சரிவு வேண்டும். கால் பின்னுவதற்கு எதுவுமே வேண்டாம், சொந்தக் காலே போதும். உண்மையான தடுமாற்றக்காரனுக்கு ஏற்ற சொல் இதுதான் என்பேன். கல்லும் ஈரமும் இருந்தால் யாரும் விழுவார்கள்.

முழு உடம்புக்கு: தடுமாறுதல், தள்ளாடுதல், முட்டுதல், மோதுதல், உரசுதல். இதில் ஒரு குழி இருக்கிறது. தள்ளாடினான் என்றால் நம் வாசகர் குடித்திருக்கிறான் என்றே எடுத்துக்கொள்வார், அல்லது வயதானவர், நோயாளி என்று. இருபது வயதுப் பையன் பகலில், குடிக்காமல் தள்ளாடக்கூடாது. அவன் தடுமாறட்டும்.

2. பொருள் விழுந்ததா, அவன் போட்டானா?

புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். உடைந்தது, உடைத்தான். சிந்தியது, சிந்தினான். நழுவியது, நழுவவிட்டான். நிகழ்ச்சி ஒன்றே; குற்றம் யார் தலையில் என்பதுதான் வேறு. நம் மொழி இதை வினையின் ஒரு சின்ன மாற்றத்திலேயே செய்துவிடுகிறது.

குசினிக்குள் ஏதோ உடைகிற சத்தம் கேட்கிறது.

"கோப்பைய உடைச்சிப்போட்டாயா மனே?"

"இல்லம்மா, உடைஞ்சி போச்சி."

இரண்டு வரிக்குள் தாயும் மகனும் வந்துவிட்டார்கள். கோப்பை தானாகவே உடைந்துபோனதாக மகன் சொல்கிறான். தாய் அதை அவன் கணக்கில் எழுதுகிறாள். 'கவனமில்லாதவன்' என்ற சொல் எங்கும் வரவில்லை, வரவும் தேவையில்லை. இதோடு பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "கைதவறியிருக்கும், விடு புள்ள" என்றால் மூன்றாவது பார்வையும் கிடைத்துவிடும். மாமி குற்றத்தைப் பையனிடமிருந்து எடுத்துக் கையிடம் கொடுத்துவிடுகிறாள்.

துணைவினையையும் இதே இடத்தில் பாருங்கள். உடைத்தான் என்பது வெறும் செய்தி. உடைத்துவிட்டான் என்றால் செய்யக்கூடாததைச் செய்தான் என்ற வருத்தம் சேரும். உடைத்துப்போட்டான் என்றால் சொல்பவருக்கு எரிச்சல். உடைத்துத் தள்ளினான் என்றால் ஒன்று இரண்டல்ல. கதை சொல்பவரின் மனநிலைக்குப் பொருந்தும் துணைவினையைத் தேர்ந்து, கதை முழுக்க அதைக் காப்பாற்றுங்கள். இரக்கத்தோடு தொடங்கிய கதையில் ஐந்தாம் பக்கத்தில் திடீரென்று 'போட்டான்' வந்தால், எழுத்தாளருக்கே பாத்திரத்தின் மேல் கோபம் வந்ததுபோல் இருக்கும்.

3. காரணத்தைப் பிரியுங்கள்

ஏன் தடுமாறுகிறான் என்று வாசகரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சொல் அதைப் பொறுத்துத்தான் வரும்.

அவசரம் என்றால் 'அந்தரப்பட்டு' என்ற சொல் இருக்கிறது. 'ஏன் இந்த அந்தரம்?' என்று கேட்காத வீடு இங்கே இல்லை. பெயராக வேண்டுமானால் அவசரக் குடுக்கை.

கவனம் வேறெங்கோ போயிருந்தால் 'பிராக்கு'. பிராக்குப் பார்த்துக்கொண்டு நடந்து தூணில் முட்டுகிறவனும், தூணைப் பார்த்துக்கொண்டே போய் அதில் முட்டுகிறவனும் ஒரே ஆள் அல்ல. முன்னவனுக்குக் கண் வேறெங்கோ. பின்னவனுக்குத்தான் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை.

பதற்றம் என்றால் 'பதகளித்து'. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தட்டை ஏந்திவரும் கை, மேலதிகாரி முன்னால் கதிரையை இழுக்கும் கை. இந்த ஆள் வீட்டில் தனியாக இருக்கும்போது ஒன்றையும் போடமாட்டார். அதை ஒரு வரியில் காட்டினால் பாத்திரம் நிமிர்ந்து நிற்கும்.

பழக்கமில்லாமை என்றால் கைவாகு, பக்குவம் போன்ற சொற்களை எதிர்மறையாக்குங்கள்: கைவாகு இல்லை, இன்னும் பக்குவம் வரவில்லை. இதில் நம்பிக்கை ஒட்டியிருக்கும், பழகினால் வந்துவிடும் என்று.

வளர்த்தி இன்னொரு காரணம். கை கால் நீண்டுவிட்டது, அளவு இன்னும் பிடிபடவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதுவே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

இந்தக் காரணங்கள் எதிலும் அடங்காமல், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று இருப்பவரும் உண்டு. அவரைப் பற்றி ஏழாவது படியில் வருகிறேன்.

4. ஒரு வேலைக்குள் இறக்கிவிடுங்கள்

இப்போதுதான் எழுத வேண்டும். முதல் வரைவில் பெயரடை எதுவும் வேண்டாம் என்று உங்களுக்கே ஒரு கட்டளை போட்டுக்கொள்ளுங்கள். அசைவு மட்டும். இப்படி:

*பந்திக்கு நடுவே தயிர்ச்சட்டியோடு வந்தான். வாயை மூடிக் கட்டியிருந்த கடதாசியை ஒரு கையால் பிய்க்கப் பார்த்தான். சட்டி சாய்ந்தது. அதைப் பிடிக்க மற்றக் கையை நீட்டினான். முழங்கை தண்ணீர்ப் பேணியைத் தட்டியது. பேணி உருண்டு போய்ப் பெரியப்பாவின் மடியில் நின்றது. தயிர் தப்பியது.*

ஒரு பிழையைத் திருத்தப் போய் அடுத்த பிழை வருகிறது. இந்தச் சங்கிலிதான் தடுமாற்றக்காரனின் அடையாளம். தயிர்ச்சட்டியை நேரே கீழே போட்டு உடைத்தால் அது வெறும் விபத்து, யாருக்கும் நடக்கும். விழும் என்று வாசகர் எதிர்பார்த்த பொருள் தப்பி, எதிர்பாராதது போனால் சிரிப்பும் தானாக வரும்.

தோணி ஏறுவதையும் எழுதிப் பாருங்கள். ஒரு கால் கரையில், ஒரு கால் தோணியில். பழகினவர் உள்ளே வைத்த காலில் பாரத்தை ஏற்றிவிட்டு மற்றதைத் தூக்குவார். பழகாதவர் கரைக்காலை ஊன்றி உந்துவார். தோணி விலகும், கால்கள் அகலும். இப்படி வேலையின் இயக்கத்தை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். எது சரி என்று தெரியாமல் எங்கே பிசகியது என்று எழுத முடியாது.

கூத்துப் பழகும் களமும் நல்ல இடம். ஆட்டம் வராதவனைப் பற்றி எழுதும்போது 'நன்றாக ஆடவில்லை' என்று எழுதுகிறார்கள். அது விமர்சகர் வரி. வட்டக்களரி என்ற ஆடுகளத்தில் எல்லோரும் திரும்பும்போது இவன் ஒரு மிதி பிந்துகிறான். மத்தளம் நின்ற பிறகும் இவன் கால் நிற்கவில்லை. வடமோடிக் கூத்தின் அகன்ற கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் நிற்பவரின் உடுப்பில் முட்டுகிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் பார்க்கிறார். இவ்வளவும் வந்துவிட்டால், 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழியைக் களத்தில் நிற்கும் ஒரு கிழவி வாயில் வைக்கலாம். கதை சொல்பவர் வாயில் வைக்காதீர்கள். கிழவி சொன்னால் குத்தல், நீங்கள் சொன்னால் பாடம்.

5. ஒருமுறையா, எப்பவுமா?

தடக்கி விழுந்தான் என்றால் அன்றைக்கு விழுந்தான், அவ்வளவுதான். வழக்கத்தைக் காட்டத் தமிழில் எதிர்கால வினைமுற்றே போதும்: படலையைத் திறந்தால் விரலை நசுக்குவான், கதிரையில் இருந்தால் கதிரை சரியும், குடையை விரித்தால் யாரோ ஒருவர் கண்ணைப் பொத்துவார். 'அவன் அடிக்கடி விழும் பழக்கமுடையவனாக இருந்தான்' என்பது அலுவலகக் கடிதம்.

வழக்கத்தை முதலில் சொல்லி, நிகழ்ச்சியைப் பிறகு வையுங்கள். அப்போதுதான் அவன் தயிர்ச்சட்டியைத் தூக்கும்போதே வாசகருக்கு வயிறு கலங்கும்.

6. ஒலிச்சொல் ஒன்று போதும்

பொத்தென்று, தொப்பென்று, டமாரென்று, சிலீரென்று, தடதடவென்று. எல்லாம் நல்ல சொற்கள்தான். ஒரு காட்சிக்கு ஒன்றுக்கு மேல் போனால் சிறுவர் படக்கதை ஆகிவிடும். பொருளுக்கும் ஒலிக்கும் பொருத்தம் பாருங்கள்: ஆள் பொத்தென்று விழுவான், கண்ணாடி சிலீரென்று உடையும், மண்சட்டி சிலீரென்று உடையாது. வீடே அதிர்கிற அளவுக்குச் சத்தம் வந்தால் 'வெண்கலக் கடையில் ஆனை புகுந்தது போல' என்று ஒருவர் சொல்லலாம், பழகிய உவமைதான் என்றாலும் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

7. பெயர் வைப்பது இப்போதுதான்

இவ்வளவும் ஆன பிறகும் ஒரு பட்டப்பெயர் தேவை என்று தோன்றினால் வையுங்கள். பல வேளைகளில் தேவைப்படாது.

பொருந்துகிறவை கொஞ்சம்தான். ஓட்டைக் கை: கையில் எதுவும் நிற்காது. இதையே காசு தங்காத ஊதாரிக்கும் சொல்வதால், பக்கத்தில் விழுந்த பொருள் ஒன்று இருந்தால்தான் பொருள் தெளியும். அவசரக் குடுக்கை, அவசரத்தால் கெடுப்பவனுக்கு மட்டும். தத்தக்கா பித்தக்கா, நடைக்கு. சின்னப் பிள்ளைக்குச் செல்லம், பெரியவனுக்குக் கேலி.

பொருந்தாதவை நிறைய. மொக்கன், மோடன், பேயன் எல்லாம் புத்தியைக் குறிப்பவை. அசமந்தம் மெதுவானவரைக் குறிக்கும். சோம்பேறி முற்றிலும் வேறு. தடுமாற்றக்காரர் பலர் ஓடியாடி வேலை செய்பவர்கள், அதனால்தான் அதிகம் உடைக்கிறார்கள்.

தொடவே கூடாதவையும் உண்டு: நொண்டி, சப்பாணி, குருடன். கேலிக்காகக்கூட வேண்டாம். போரில் காலையும் கண்ணையும் இழந்தவர்கள் நம் ஊர்களில் நம்மோடு வாழ்கிறார்கள், நம் கதைகளை வாசிக்கிறார்கள். கால் தடக்கிய ஒரு பையனைக் காட்ட அவர்களுடைய உடம்பை இழுக்க வேண்டியதில்லை. பாத்திரம் அப்படிப் பேசுகிறவன்தான் என்றால், அந்த வசவு அவன் யார் என்பதைக் காட்டுவதற்காக மட்டும் வரட்டும்.

பிறவியிலிருந்தே கை கால் வசப்படாதவரைப் பற்றி: டிஸ்பிராக்சியா என்று பரவலாகச் சொல்லப்படும் வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5, 6 பேரிடம் இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவது, சப்பாத்து நாடா கட்டுவது, எழுத்தை வரிக்குள் நிறுத்துவது, பந்தைப் பிடிப்பது எல்லாமே இவர்களுக்குப் போராட்டம். புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் பாத்திரம் இப்படிப்பட்ட பிள்ளை என்றால் 'முயற்சி செய்தால் வரும்' என்று ஆசிரியர் பாத்திரம் சொல்லலாம், கதை சொல்லக்கூடாது.

இன்னொன்று. நேற்றுவரை ஒழுங்காக இருந்த பெரியவர் இன்று திடீரென்று கரண்டியைப் போடுகிறார், ஒரு பக்கக் கை தூக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்று எழுதினால் அது தடுமாற்றக் காட்சி அல்ல, பாரிசவாதம். சிரிப்புச் சொல் ஒன்றும் அங்கே வரக்கூடாது, கதையில் யாராவது 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்க வேண்டும். எழுத்துக்கு வெளியிலும் அப்படித்தான்.

8. யார் வாயில் எந்தச் சொல்

மச்சான் மச்சானை என்னவும் சொல்லலாம். "கண்ணக் கடனுக்குக் குடுத்திட்டியா மச்சான்?" என்றாலும் கோபம் வராது. அதே வரியைத் தம்பி அண்ணனிடம் சொன்னால் சண்டை.

மூத்தவருக்குப் பட்டம் வைப்பதில்லை. மாமா தேத்தண்ணியைச் சிந்தினால் பழி கோப்பைமேல், நிலத்தின்மேல் போகும்: "அந்தப் படி சரியில்ல மாமா, பார்த்து வாங்க." மரியாதை இப்படித்தான் வேலை செய்கிறது. புதியவர்கள் 'மாமா ஒரு ஓட்டைக் கை' என்று மருமகன் நேரில் சொல்வதாக எழுதுகிறார்கள். எந்த வீட்டில் நடக்கும் இது? மருமகன் வெளியே போய் மனைவியிடம் சொல்வான். அங்கே வையுங்கள்.

முஸ்லிம் வீடு என்றால் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்று முறைச்சொல் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். காத்தான்குடியில் கேட்டதை அப்படியே அக்கரைப்பற்றுக்குத் தூக்கிப் போகாமல் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.

சினிமாவில் இருந்து வந்த 'சொதப்பிட்டான்' இப்போது இளையவர் பேச்சில் இருக்கிறது, மறுக்கவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமத்தில் எழுபது வயதுப் பாட்டி வாயில் அது வந்தால் பாட்டி போய்விடுவார், தொலைக்காட்சிதான் மிஞ்சும்.

9. கடைசியாக, வெட்டுங்கள்

எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். 'கவனமில்லாமல்', 'மிகவும்', 'வழக்கம்போல' மூன்றையும் தேடிப் பிடித்து எடுத்துவிட்டு மறுபடி வாசியுங்கள். காட்சி நிற்கிறதா? நின்றால் அவை வேண்டாம். விழுந்தால் குறை அந்தச் சொற்களில் இல்லை. ஒன்றாம் படியில் உறுப்பைச் சரியாகத் தேர்ந்திருக்க மாட்டீர்கள், அங்கே போய்ப் பாருங்கள்.

பட்டப்பெயரை விரலால் மூடிக்கொண்டு இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். இந்த ஆளுக்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேளுங்கள். நீங்கள் வைத்ததைவிட நல்லதாக ஒன்று வந்தால், கூச்சப்படாமல் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.